பின்பக்கம் நீட்டிக் கட்டிய வீடு: விரிசல், ஒழுகல், ஈரம் — அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

கோலாலம்பூரில் வரிசை வீடு வாங்கியவர்கள் முதலில் கைவைப்பது பின்பக்கத்தில்தான். வீட்டின் முகப்பு 20 அடி. பின்னால் சந்துப் பக்கமாகக் கொஞ்சம் வெற்றிடம். அதை மூடி ஒரு வெட் கிச்சன் கட்டிவிட்டால் கிரைண்டர், மீன் கழுவும் தொட்டி, தாளிப்புப் புகை எல்லாம் அங்கே போய்விடும். செந்தூல், செத்தாப்பாக், செராஸ், செகாம்புட் என்று எந்தப் பக்கம் போனாலும், பழைய தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) இப்படி நீட்டாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சுவர் வைப்பது, பூசுவது, டைல் ஒட்டுவது என்று பாதி வேலையைத் தாங்களே செய்பவர்களும் நிறைய.

அப்படிக் கட்டிய இடத்தில் ஓரிரு மழைக்காலம் கழித்துத் தலைகாட்டும் குறைகளை எப்படிக் கண்டுபிடித்துச் சரிசெய்வது என்று இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். இந்தக் குறைகளில் பெரும்பாலானவை பழைய வீடும் புதுக் கட்டடமும் சேரும் கோட்டில் பிறக்கின்றன. கண்ணுக்குத் தெரிவது வேறு இடத்தில். கறை தெரிந்த இடத்தில் சிமெண்டை அப்பினால் அடுத்த மழையில் இரண்டடி தள்ளித் தெரியும். எங்கிருந்து வருகிறது, இன்னும் கூடுகிறதா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்காமல் பூசக் கூடாது.

பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் நெடுக்காக விரிசல்

அதிகம் வரும் குறை இதுதான். அதிகம் தப்பாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான்.

காரணம் மண்ணில் இருக்கிறது. மேம்பாட்டாளர் உங்கள் வீட்டைக் கட்டியபோது தூண்களுக்கு அடியில் பைலிங் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தாங்குத் தூண்) அடித்திருக்கலாம். அடிக்காவிட்டாலும் 20, 30 வருடத்தில் அது இறங்க வேண்டிய அளவு இறங்கி நின்றுவிட்டது. புதுப் பகுதி இப்போதுதான் இறங்கத் தொடங்குகிறது. அதிலும் கோலாலம்பூர் 1857-இல் அம்பாங் பக்கம் ஈயம் தோண்டப் போனவர்களால் உருவான ஊர். தோண்டிய குட்டைகளை மூடி, அதன்மேல் எழுந்த குடியிருப்புகள் நகரிலும் சுற்றிலும் உண்டு. ஈயம் கழுவிய சேறு படிந்த மண்ணில் இந்த இறக்கம் வருடக்கணக்கில் நீளும்.

முதலில் விரிசலின் வடிவத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம், அதுவும் 1 மி.மீ.-க்குள் என்றால் இரண்டு சுவரும் தனித்தனியாக நிற்கின்றன, அவ்வளவுதான். மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருந்தால் சந்துப் பக்கத்து அஸ்திவாரம் இறங்கி, புதுப் பகுதி வீட்டைவிட்டு வெளியே சாய்கிறது. கீழே அகலமாக இருந்தால் வீட்டை ஒட்டிய பக்கம் இறங்குகிறது. அங்கே பழைய குழாய்க் குழியையோ கால்வாயையோ சரியாக இடித்துக் கெட்டிக்காமல் மேலே கட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் அளவு. விரிசலின் இரு பக்கமும் ஒவ்வொரு சின்ன ஆணி அடியுங்கள். மேலே ஒரு ஜோடி, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. இரண்டு ஆணித் தலைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து, தேதியோடு சுவரிலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண காலிப்பர் போதும். மாதம் ஒருமுறை அளந்தால் சரி, ஆனால் ஒரு நல்ல மழைக்காலமாவது அதற்குள் வந்து போக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபர், நவம்பரும்தான் இங்கே மாலை மழை கொட்டும் நேரம்.

எண்கள் மாறவில்லையா? விரிசலை வி வடிவத்தில் அகலப்படுத்தித் தூசியைத் துடைத்து, உள்ளே நுரைக் கயிற்றைத் திணித்து, அதன்மேல் பாலியூரித்தேன் சீலண்ட் (ரப்பர்போல நீளும் அடைப்புப் பசை) விடுங்கள். கயிறு இடைவெளியைவிடக் கொஞ்சம் தடிப்பாக இருக்க வேண்டும். சீலண்டின் ஆழம் அகலத்தில் பாதி இருந்தால் போதும். கயிறு எதற்கு என்றால், சீலண்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்டி, பின்பக்கம் ஒட்டாமல் இருக்க. மூன்று பக்கமும் ஒட்டிக்கொண்டால் நீண்டு சுருங்க இடமில்லாமல் கிழியும். சிமெண்டோ புட்டியோ வேண்டவே வேண்டாம். அது இறுகி நிற்கும், சுவர் அசையும், பக்கத்திலேயே புதிய விரிசல் விழும். சுவரை அப்படியே விட மனமில்லை என்றால் ஒரு பக்கம் மட்டும் ஆணி அடித்த மூடு பட்டை வைத்து மறையுங்கள்.

எண்கள் கூடிக்கொண்டே போனால் முதலில் தண்ணீரைத் தேடுங்கள். கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய் அஸ்திவாரத்தின் மூலையில் கொட்டுகிறதா, சந்துப் பக்கத்து லோங்காங் (வடிகால்) உடைந்து மண்ணை அரிக்கிறதா, தரைக்கு அடியில் குழாய் கசிகிறதா என்று பாருங்கள். தண்ணீரைத் திருப்பிவிட்ட பிறகு பல வீடுகளில் இறக்கம் நின்றுவிடுகிறது. நிற்கவில்லை, அல்லது விரிசல் 5 மி.மீ.-ஐத் தாண்டிவிட்டது என்றால் பதிவு பெற்ற பொறியாளரைக் கூப்பிடுங்கள். அஸ்திவாரத்துக்கு அடியில் புதிதாகத் தாங்கு கொடுப்பது நாமாகச் செய்யும் வேலை கிடையாது.

ஒரு கூடுதல் எச்சரிக்கை. சிலர் விரிசலே வராமல் இருக்கட்டும் என்று பழைய தூணில் துளை போட்டுக் கம்பி நட்டுப் புதிய பீமை அதோடு கட்டிவிடுகிறார்கள். புதுப் பகுதி இறங்கும்போது அதன் பாரம் முழுவதும் பழைய தூணில் தொங்கும். அப்போது விரிசல் சேரும் கோட்டில் வராமல் பழைய வீட்டுக்குள் வரும். இரண்டையும் பிரித்து நிற்கவிட்டு, இடைவெளியை ஒழுங்காக மூடுவதே எனக்குத் தெரிந்த நல்ல வழி.

சாய்வான விரிசல், மாடிக் கதவு இறுகுதல்

இதில் ஒரு வகை சாதாரணம், ஒரு வகை ஆபத்து.

புதுச் சுவரில் சன்னலின் மேல்மூலையிலிருந்து மட்டும் சாய்வாகக் கோடு போனால், லிண்டல் (சன்னலுக்கு மேலே பாரம் தாங்கும் குறுக்குச் சட்டம்) இல்லை அல்லது குட்டையாக இருக்கிறது. சன்னலின் இரு பக்கமும் சுவர்மேல் அது குறைந்தது 150 மி.மீ. உட்கார வேண்டும். சன்னலுக்கு மேலே உள்ள செங்கல்லைத் தாங்கு கொடுத்துக் கழற்றி, சரியான நீளத்தில் லிண்டல் வைத்தால் முடிந்தது.

பழைய வீட்டின் பின்சுவரை இடித்துச் சமையலறையை அகலப்படுத்தியிருக்கிறீர்கள், அதற்குப் பிறகு மாடிப் படுக்கையறைக் கதவு சட்டத்தில் உரசுகிறது, இடித்த இடத்துக்கு நேர் மேலே சுவரில் சாய்வாக விரிசல் என்றால் அன்றைக்கே வேலையை நிறுத்துங்கள். மேலே இருக்கும் பாரத்தைத் தாங்கிய ஏதோ ஒன்று போய்விட்டது. இரும்பு முட்டுகளை வாடகைக்கு எடுத்து, மேலேயும் கீழேயும் தடித்த பலகை வைத்துக் கொடுங்கள். அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். உடனே பொறியாளரிடம் போங்கள்.

சுவரைத் தட்டிப் பார்த்து அது பாரம் தாங்குமா என்று கண்டுபிடிக்க முடியாது. காங்கிரீட் தூணும் பீமும் உள்ள வீட்டில் அரைக்கல் சுவர் வெறும் தடுப்பாக இருக்கலாம். பழைய மலிவு விலை வீடுகளில் அதே கனமுள்ள சுவர் மாடியைத் தாங்கி நிற்கலாம். மூல வரைபடத்தைப் பார்த்தால்தான் தெரியும். வரைபடத்தின் படியை மாநகர் மன்றத்தில் கேட்டு வாங்க முயலுங்கள். இடிக்கும் முன் அதைப் பார்க்காமல் சம்மட்டியைத் தொடாதீர்கள். பழைய வீடென்றால் கூரைத் தகட்டிலும் சீலிங் பலகையிலும் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிடும். அது தெரிந்த ஆட்களிடம் விட வேண்டிய வேலை.

மழை பெய்தால் ஒழுகுகிறது

எங்கே சொட்டுகிறது என்பதைவிட எப்போது சொட்டுகிறது என்பது அதிகம் சொல்லும். ஒரு வாரம் கவனித்துக் குறித்து வையுங்கள்.

மழை விழுந்த உடனே சொட்டினால் எங்கோ திறந்த ஓட்டை இருக்கிறது: திருகாணியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கும், அல்லது சுவரும் கூரையும் சேரும் இடத்தில் பிளாஷிங் தகடு விலகியிருக்கும். காற்றோடு சாய்ந்தடிக்கும் மழையில் மட்டும் ஒழுகினால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் அளவு போதவில்லை, அல்லது கூரையின் சரிவு போதவில்லை. மழை நன்றாகப் பிடித்துக் கால்மணி நேரம் கழித்துத் திடீரென்று ஊற்றினால் கூரையோர வாய்க்கால் நிரம்பி உள்பக்கம் வழிகிறது. மழை விட்ட பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால் காங்கிரீட் தளத்தில் தண்ணீர் தேங்கி மெல்ல இறங்குகிறது. விடிகாலையில் மட்டும் என்றால் அது ஒழுகலே கிடையாது. தகட்டின் அடியில் ஈரக்காற்று குளிர்ந்து வியர்க்கிறது, அடியில் வெப்பத்தடுப்பு விரிப்பு போட்டால் சரியாகும். மழையே இல்லாத நாளிலும் ஒழுகினால் கூரையை விட்டுவிட்டு ஏர்கோன் தண்ணீர்க் குழாயையும் மாடிக் குளியலறையையும் பாருங்கள்.

நேரத்தை வைத்துச் சந்தேகம் வந்த பிறகு தண்ணீர்க் குழாயால் சோதியுங்கள். வெயில் நாளில், கீழிருந்து மேலே. முதலில் கூரையின் கீழ் ஓரத்தில் பத்து நிமிடம், பிறகு நடுவில், பிறகு பிளாஷிங்கில், கடைசியாக அதற்கு மேலே சுவரில். உள்ளே ஒருவர் டார்ச் லைட்டோடு நின்று சொல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லாவற்றின்மேலும் ஓடிவிடும், எந்த இடம் என்று தெரியாது. தகரக் கூரையில் ஏறுவதென்றால் திருகாணி வரிசை போகும் இடத்தில், அதாவது கீழே சட்டம் இருக்கும் இடத்தில் மட்டும் கால் வையுங்கள். வெளிச்சத்துக்காகப் போட்ட பாலிகார்பனேட் தகட்டில் மிதிக்கவே கூடாது. அது ஆளைத் தாங்காது.

இனி பிளாஷிங். நான் பார்த்த ஒழுகல்களில் பாதிக்கு மேல் இங்கேதான். தகட்டை மடித்துச் சுவரில் ஒட்டவைத்து, மேல் ஓரத்தில் சிலிக்கான் இழுத்து முடித்திருப்பார்கள். அந்தச் சிலிக்கானின் ஒரு முனையை நகத்தால் தூக்கிப் பாருங்கள். ஒரு முழ நீளத்துக்கு அப்படியே உரிந்து வரும். பின்பக்கத்தில் பெயிண்டின் நிறமும் வெள்ளைத் தூளும் ஒட்டியிருக்கும். அது பெயிண்டைத்தான் பிடித்திருந்தது, சுவரைப் பிடிக்கவே இல்லை. வினிகர் வாடை அடிக்கும் மலிவு சிலிக்கான் சிமெண்டில் நிற்காது. மறுபடி அதன்மேலேயே இன்னொரு பூச்சு இழுப்பது பணத்துக்குக் கேடு.

சரியான முறை இது. கூரை மட்டத்திலிருந்து குறைந்தது 150 மி.மீ. மேலே, சுவரில் கிரைண்டரால் 20 முதல் 25 மி.மீ. ஆழத்தில் ஒரு நேர்க்கோட்டுப் பள்ளம் போடுங்கள். பிளாஷிங் தகட்டின் மேல் ஓரத்தை மடித்து அந்தப் பள்ளத்துக்குள் செருகி, ஆப்பு வைத்து இறுக்கி, பாலியூரித்தேன் சீலண்டால் மூடுங்கள். இரண்டு துண்டு தகடு சேரும் இடத்தில் 100 மி.மீ.-ஆவது ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். தகட்டின் கீழ் ஓரத்தைப் புதுக் கூரையில் இறுக்கிக் கட்டாமல், கூரை அலைகளின்மேல் படர்ந்து நிற்கும்படி விட்டால் இரண்டு கட்டடமும் தனித்தனியே அசைய முடியும். பள்ளம் பூச்சையும் செங்கல்லின் முகத்தையும் மட்டும் தொட வேண்டும். பீம் வரும் இடத்தில் கம்பியை வெட்டிவிடாதீர்கள்.

வாய்க்கால் வழிவதைப் பற்றி ஒரு கணக்கு. புதுக் கூரை 6 மீட்டருக்கு 4 மீட்டர், 24 சதுர மீட்டர். மாடியின் பின்பக்கக் கூரை 6-க்கு 5 என்றால் இன்னும் 30. அந்தத் தண்ணீரும் கீழேதான் விழுகிறது. மொத்தம் 54 சதுர மீட்டர். 1 மி.மீ. மழை என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர். இங்கே இடிமழை பிடிக்கும்போது மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டுவது வழக்கமான சங்கதி. அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 90 லிட்டர், அதாவது பத்து விநாடிக்கு ஒரு 15 லிட்டர் வாளி. இவ்வளவையும் ஒரே ஒரு சின்னக் குழாயில் இறக்க நினைத்தால் வழியத்தான் செய்யும். இரண்டு முனையிலும் இறக்குக் குழாய் வையுங்கள். மேல்கூரைத் தண்ணீரைக் கீழ்க்கூரையில் விழவிடாமல் தனிக் குழாயில் நேரே வடிகாலுக்குக் கொண்டு போனால் இன்னும் நல்லது.

காங்கிரீட் தளமாக இருந்தால் வடிகால் துளையை அடைத்து, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். தண்ணீர் வடிந்த பிறகும் குட்டை நிற்கும் இடத்தில் 100-க்கு 1 சரிவாவது வரும்படி சாந்து போட்டுத் திருத்திவிட்டு, பிறகு நீர்த்தடைப் பூச்சு அடியுங்கள். பூச்சு சுவரோரத்தில் நின்றுவிடாமல் சுவரிலும் ஓர் அடி உயரம் ஏற வேண்டும்.

சுவரில் ஈரம், பெயிண்ட் உப்பி உதிர்கிறது

கறையின் இடம் பாதி பதில். தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள், மேல் ஓரத்தில் வெள்ளை உப்புப் பூத்திருந்தால் ஈரம் கீழிருந்து ஏறுகிறது. சன்னலுக்கு அடியில் என்றால் சன்னல் படியில் வெளிப்பக்கச் சரிவு இல்லை. குளியலறையின் மறுபக்கம் என்றால் குழாய் அல்லது தரை.

சுவருக்குள் இருக்கும் ஈரமா, அறைக் காற்றின் ஈரமா என்று சந்தேகமிருந்தால், சமையலறை அலுமினியத் தாளை ஒரு சாண் அளவுக்கு வெட்டி நான்கு ஓரத்திலும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்தால், சுவரைப் பார்த்த பக்கத்தில் துளி நின்றால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கத்தில் துளி என்றால் காற்றோட்டம் போதவில்லை. குழாய்க் கசிவைப் பிடிக்க, எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் படுக்கப் போகும்முன் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்து, காலையில் யாரும் குழாயைத் திறக்கும்முன் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது.

இந்த இரண்டும் இல்லாமல் பக்கத்துவீட்டை ஒட்டிய நீளச் சுவர் முழுவதும் ஈரமாக இருந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அந்தச் சுவரின் வெளிமுகம் பூசப்படவே இல்லை. நாம் நம் பக்கத்தில் நின்று செங்கல் வைத்தோம், உள்ளே பூசினோம், டைல் ஒட்டினோம். வெளிமுகம் பக்கத்துவீட்டாரின் வெற்றிடத்தைப் பார்த்து வெறும் செங்கல்லாக நிற்கிறது, சாந்து பிதுங்கி வழிந்த கோலத்தில். அரைக்கல் சுவர் நாலரை அங்குலம்தான். மழை அதில் நேராக அடித்தால் சில நாளில் உள்ளே வந்துவிடும். உள்பக்கம் எத்தனை நீர்த்தடைப் பூச்சு அடித்தாலும் பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும்.

இதற்கு வெளியே இருந்து பூசுவதுதான் மருந்து. அதற்குப் பக்கத்துவீட்டு அங்கிளிடம் போய்ப் பேசத்தான் வேண்டும். எந்த நாள், எத்தனை பேர் வருவோம், சாரம் எங்கே நிற்கும், அவர் பூச்செடிகளை எங்கே நகர்த்தி வைப்போம் என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிக் கேளுங்கள். முடிந்ததும் அவர் பக்கத்துத் தரையைக் கழுவிக் கொடுங்கள். அவர் பார்க்கிற பக்கமும் அழகாகிறது என்பதால் பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். இரண்டு தடவையாகப் பூசி, வெளிப்புறப் பெயிண்ட் அடியுங்கள். சுவரின் தலையையும் மூடுங்கள். மேலே திறந்து கிடக்கும் செங்கல் வழியாகவும் தண்ணீர் இறங்கும்.

கீழிருந்து ஏறும் ஈரத்துக்கு வெளித்தரை உள்தரையைவிட உயரமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சந்துப் பக்கம் சிமெண்டு போட்டு உயர்த்தியிருந்தால் அதைத் தாழ்த்தி, சுவரோரம் தண்ணீர் ஓட வழி விடுங்கள். உப்புப் பூத்த பூச்சை ஒரு மீட்டர் உயரத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரைப் பல வாரம் காயவிட்ட பிறகே மறுபூச்சு.

இந்த இடத்தில் தீபாவளியைச் சொல்லியாக வேண்டும். எல்லாருக்கும் தீபாவளிக்குள் புதுச் சமையலறை முடிய வேண்டும். அது வருவதோ அக்டோபர், நவம்பரில், மழை உச்சத்தில் இருக்கும்போது. புதுப் பூச்சு பெயிண்டுக்குத் தயாராக நான்கு வாரம் வேண்டும். ஈரக் காற்றில் இன்னும் கூட. பண்டிகைக்கு மூன்று நாள் முன் அடித்த பெயிண்ட் தைப்பூசத்துக்குள் உப்பும். அவசரமென்றால் அந்தத் தீபாவளிக்கு வெறும் பூச்சுச் சுவரோடு கோலம் போட்டுக் கொண்டாடுங்கள், பெயிண்டைப் பிறகு பார்க்கலாம்.

டைல் தூக்குகிறது, நடந்தால் பொள்ளென்று சத்தம்

ஒரு பத்து சென் காசால் ஒவ்வொரு டைலாகத் தட்டுங்கள். கெட்டிச் சத்தம் வந்தால் ஒட்டியிருக்கிறது. பொள்ளென்று கேட்டால் அடியில் வெற்றிடம், சாக்பீசால் குறியுங்கள். இங்கொன்று அங்கொன்று என்றால் இப்போதைக்கு விடலாம். வரிசையாக, நடுவில் கூடாரம் மாதிரி தூக்கி நின்றால் டைல்களுக்கு விரிய இடமில்லை என்று பொருள்.

ஹோமோஜீனியஸ் டைல் தண்ணீரை ஏறத்தாழ உறிஞ்சாது. அதனால் பழைய முறையில் சிமெண்டுப் பால் ஊற்றி ஒட்டினால் பிடிமானம் குறைவு. இரண்டு டைலுக்கு இடையே இடைவெளியே விடாமல் நெருக்கி ஒட்டுவது இன்னொரு தவறு. கழற்றி ஒட்டும்போது டைல் பசையைப் பல் கரண்டியால் முழுத் தரையிலும் இழுங்கள். நான்கு மூலைக்கு நான்கு உருண்டை வைத்து அழுத்துவது கூடவே கூடாது. டைல்களுக்கு இடையே 2, 3 மி.மீ. இடைவெளி, சுவரோரம் சுற்றிலும் 5 மி.மீ. விடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய தரையும் புதுத் தரையும் சேரும் கோட்டின்மேல் ஒரே டைலைக் குறுக்கே ஒட்டாதீர்கள். அந்தக் கோட்டுக்கு நேராக டைலை வெட்டி நிறுத்தி, இடையில் சீலண்ட் விடுங்கள். அழகுக்காக அதை மறைத்த வீடுகளில் அந்த ஒரு வரிசைதான் முதலில் வெடிக்கிறது.

பூச்சில் வலைபோல மெல்லிய கோடுகள்

பூச்சு வேகமாகக் காய்ந்துவிட்டது அல்லது சிமெண்டு அதிகம். தட்டினால் கெட்டியாக இருந்தால் ஆபத்தில்லை, நிரப்பிப் பெயிண்ட் அடிக்கலாம். பொள்ளென்று கேட்கும் இடத்தை மட்டும் கொத்தி எடுங்கள். அடுத்த முறை செங்கல்லை நனைத்துப் பூசி, ஒரு வாரம் தண்ணீர் தெளியுங்கள். தூணும் செங்கல்லும் சேரும் இடத்தில் கம்பிவலை அடித்துப் பூசினால் அங்கே நேர்க்கோடு விழாது.

சாக்கடை வாடை, தண்ணீர் மெல்லப் போகிறது

தரைவடிகாலில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வாடை நின்றால் அடியில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருந்தது, அவ்வளவுதான். வாரம் ஒருமுறை ஊற்றினால் போதும். துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரை விடும்போதெல்லாம் தரைவடிகால் குளுகுளுவென்று சத்தம் போட்டால் குழாயில் காற்றுவழி இல்லை. 100 மி.மீ. குழாய்க்கு மீட்டருக்கு 25 மி.மீ. சரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் அடைத்துக்கொண்டே இருந்தால் மேன்ஹோல் எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அது பின்பக்க வெற்றிடத்தில்தான் இருந்தது, இப்போது டைலுக்கு அடியில் இருக்கிறது. அதைத் திறக்க வழி செய்தே ஆக வேண்டும். டைல் பதித்துத் தூக்கக்கூடிய, காற்றுப் புகாத மூடிகள் கடைகளில் கிடைக்கின்றன. கூரைத் தண்ணீரை அந்த மேன்ஹோலில் விட்டிருந்தால் உடனே பிரித்து மழை வடிகாலுக்கு மாற்றுங்கள். இடிமழையில் அது நிரம்பி உங்கள் கழிவறைக்கே திரும்பி வரும்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது

ஆர்சிசிபி என்பது மின்சாரம் கசிந்தால் தானே துண்டித்துவிடும் பாதுகாப்புச் சுவிட்ச். கண்டுபிடிப்பது நீங்கள், சரிசெய்வது வயர்மேன். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவர்தான் வயரைத் தொட வேண்டும்.

புதுச் சமையலறையின் எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள். டிபி பெட்டியில் (மின் விநியோகப் பெட்டியில்) எல்லா எம்சிபியையும் (ஒவ்வொரு பாதைக்கும் உள்ள தனிச் சுவிட்ச்) கீழே போட்டு, ஆர்சிசிபியை மேலே தூக்குங்கள். பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக. எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்தப் பாதையில் கசிவு. எல்லா எம்சிபியும் கீழே இருக்கும்போதே விழுந்தால் நியூட்ரல் வயர் எங்கோ எர்த்தைத் தொடுகிறது, ஏனென்றால் சாதாரண எம்சிபி நியூட்ரலைத் துண்டிப்பதில்லை. சுவரில் ஆணி அடித்த இடங்களை வயர்மேனிடம் காட்டுங்கள். மழை நாளில் மட்டும் விழுந்தால் வெளிச்சுவர் விளக்கையும் ஆட்டோகேட்டையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

விழுவது தொல்லை என்று ஆர்சிசிபியைத் தாண்டி வயர் கொடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு கிரைண்டர் ஓட்டும் அம்மாவை நினைத்துப் பாருங்கள். 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர், தரை நனையும் இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் என்று கசிவு வரம்பு வைத்திருப்பது அதற்காகத்தான்.

பீமில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, கம்பி தெரிகிறது

பலகையைப் பிரித்ததும் ஜல்லி மட்டும் தெரிந்து இடையில் சாந்து இல்லாமல் இருந்தால் காங்கிரீட் சரியாகக் குத்தப்படவில்லை. மேலாகப் பூசி மூடாதீர்கள். பொறியாளர் பார்க்கும்வரை முட்டுகளை எடுக்காதீர்கள். ஒழுங்காக வார்த்த தளத்துக்கே இரண்டு வாரம், நீளமான பீமுக்கு மூன்று வாரம் முட்டு நிற்கட்டும். சிமெண்டுப் பையையும் பாருங்கள்: பூச்சுக்கும் செங்கல் வேலைக்கும் விற்கும் சிமெண்டு வேறு, பீமுக்கும் தூணுக்கும் உரியது வேறு. விலை குறைவு என்று பூச்சுச் சிமெண்டில் பீம் வார்ப்பது பெரிய ஆபத்து.

நடு அறை இருட்டு, புழுக்கம், அலமாரியில் பூஞ்சை

முன்பு பின்சன்னல் இருந்த பழைய சமையலறை இப்போது வீட்டின் நடுவில் மாட்டிக்கொண்டது. கட்டடத் துணைவிதிகள் அறையின் தரைப் பரப்பில் 10 விழுக்காடு சன்னலும், 5 விழுக்காடு காற்று தடையின்றிப் போகும் திறப்பும் கேட்கின்றன. பழையதும் புதியதும் சேரும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குக் கூரையை உயர்த்தி, பக்கவாட்டில் லூவர் (சாய்வுப் பலகை வரிசை வைத்த காற்றுத் திறப்பு) வைத்தால் வெளிச்சமும் வரும், சூடும் வெளியேறும். எக்ஸாஸ்ட் விசிறி மட்டும் போட்டால் சமையல் வாடைதான் போகும், பூஞ்சை போகாது.

மாநகர் மன்றத்திலிருந்து கடிதம்

1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70-ஆம் பிரிவின்படி எழுத்துமூல அனுமதியில்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது. நீட்டிக் கட்டுவதும் அதில் அடங்கும். அனுமதி வாங்காமல் கட்டியிருந்தால் கடிதத்தில் உள்ள தேதிக்குள் நேரில் போங்கள். பதிவு பெற்ற கட்டட வரைவாளரையோ கட்டடக் கலைஞரையோ வைத்து, இப்போது இருக்கிறபடி வரைந்து விண்ணப்பிக்க முடியுமா என்று அங்கேயே கேளுங்கள். பெரும்பாலும் கேள்வி வருவது மூன்று இடத்தில்: எல்லைக் கோட்டைத் தாண்டி நிற்கும் கூரையோர வாய்க்கால், மூடப்பட்ட மேன்ஹோல், பின்சந்துக்கு விட வேண்டிய இடம். முதல் இரண்டையும் கடிதம் வரும்முன்பே நீங்களே திருத்திவிடலாம். அஸ்திவாரக் குழி, கம்பிக் கட்டு, வார்ப்பு என்று கட்டும்போது எடுத்த படங்கள் கைப்பேசியில் இருந்தால் தேதிவாரியாக அச்செடுத்து வரைவாளரிடம் கொடுங்கள். காங்கிரீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பொறியாளருக்குக் காட்ட வேறு வழி சுலபமாகக் கிடைக்காது.